கோழிக்குக் கூடு கட்டிவிட்டு நரியை மறப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். கோழி வளர்ப்பவர் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வலம் போகிற நரி கூட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகும். எந்தப் பலகை ஆடுகிறது, எந்த மூலையில் மண் இளகிக் கிடக்கிறது, வீட்டுக்காரர் எப்போது கிளம்புகிறார் என்பதெல்லாம் அதற்கு இரண்டு மூன்று நாளில் அத்துப்படி.

நாம் வீட்டில் இருக்கும்போது கூடு சுமாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்கிறோம். கதவுச் சத்தமும் பேச்சுக்குரலும் நரியை அரைகுறை வேலையோடு விரட்டிவிடும். நாம் கிளம்பிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்கிறது. பத்து நிமிடம் தாங்கும் கம்பி மூன்று மணி நேரம் தாங்குமா? கூட்டின் ஒவ்வொரு ஆணியையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும். தமிழில் நரி என்றால் குள்ளநரியும் அதில் அடக்கம். இரண்டும் நாய்க் குடும்பம், இரண்டும் தோண்டும்.

முதல் தவறு, நரி இரவில்தான் வரும் என்ற நம்பிக்கை. அந்தியும் விடியலும் அதற்குப் பிடித்த வேளைகள் என்பது உண்மைதான். ஆனால் வளையில் குட்டிகள் இருக்கும் காலத்தில் பெண் நரிக்குப் பகலென்றும் இரவென்றும் கிடையாது. ஆண் நரியும் சேர்ந்து இரை தேடும். நட்டநடுப் பகலில், கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். “ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன், அதுவரை மேயட்டும்” என்று திறந்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் விட்டுப் பல காலமாகிறது. ஆள் இல்லையென்றால் கோழிகள் அடைப்புக்குள்தான்.

அந்த அடைப்பு எதனால் ஆனது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். தேன்கூடு போல ஆறு பக்கக் கண்களோடு முறுக்கிய மெல்லிய கம்பி வலையைக் கோழி வலை என்று சொல்லியே விற்கிறார்கள். பெயர் சரிதான். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். நரி உள்ளே வராமல் தடுக்க அது ஆகாது. நரி ஒரு கண்ணியைப் பல்லால் பிடித்து இழுத்தால் முறுக்குப் பிரிந்து, பக்கத்துக் கண்ணிகளும் வரிசையாகத் திறந்துகொள்ளும். துருப்பிடித்த வலையென்றால் கேட்கவே வேண்டாம். தேவைப்படுவது குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்த, தடித்த கம்பியாலான சதுர வலை. கண் அரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் இருந்தால் எலியும் கீரியும்கூட நுழையாது.

நல்ல வலையை வாங்கிவிட்டு அதை ஸ்டேப்ளர் ஊசியால் அடித்து வைப்பவர்களும் உண்டு. வலை அறுவதில்லை, ஊசி பிடுங்கிக்கொள்கிறது. திருகாணியும் அகன்ற வாஷரும் போட்டு இறுக்குங்கள். மேலே ஒரு மரச் சட்டத்தை வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. வலை சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். அப்போது நரி முட்டித் தள்ளத் தள்ள வலை சட்டத்தோடுதான் அழுந்தும். காற்றோட்டத்துக்கு விட்ட துளைகளுக்கும் இதே வலை வேண்டும். நமக்குச் சிறியதாகத் தோன்றும் இடுக்கில் நரி தலையை நுழைத்துவிடும். தலை நுழைந்தால் மிச்ச உடம்பு தானாக வந்துவிடும்.

அடுத்தது தரை. வலையை மண்மட்டத்தோடு நிறுத்திவிடுவது கிட்டத்தட்டக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். ஆழமாகப் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கலாம். அதைவிட எளிய வழி, பாவாடை போல வெளிப்புறமாக 45 முதல் 60 செ.மீ. அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, முளையடித்து மண் தூவிவிடுவது. நரி சுவர் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். நகம் கம்பியில் பட்டால் இரண்டடி தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. என் கூட்டின் பின்பக்கம் ஒரு காலையில் பார்த்தேன்: பிறை வடிவத்தில் மண் வாரப்பட்டு, கீழே கம்பி பளபளவென்று தெரிந்தது. பக்கத்து மூலையிலும் அதே பிறை, அதே பளபளப்பு. மூன்றாவது மூலையில் முயலவில்லை.

கூரை இல்லாத அடைப்பு ஆளில்லாத நேரத்துக்கு உதவாது. ஆறடி வேலி போதும் என்று சொல்பவர்கள், வேலியை ஒட்டி விறகுக் குவியலோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. செந்நரி நன்றாகத் தாவும், கம்பி வலையில் பூனை போல ஏறவும் செய்யும். பறவைகளைத் தடுக்கும் நைலான் வலையைக் கூரையாகப் போட்டால் பருந்து வராது, நரி கடித்துக் கிழித்துக்கொண்டு வரும்.

கதவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நேரம் வைத்தால் தானே இறங்கி மூடும் கதவு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். சில வாரங்கள் ஒழுங்காக வேலை செய்ததால் அதை முழுமையாக நம்பிவிட்டேன். ஒரு நாள் வர நேரமாகிவிட்டது. கதவு மூடியிருந்தது, பேட்டரியின் பச்சை விளக்கு எரிந்தது, எல்லாம் சரி என்று தூங்கப் போனேன். காலையில் ஒரு கோழி குறைந்தது. வாசலிலிருந்து வேலிவரை பழுப்பு இறகுகள் ஒரே கோடாகக் கிடந்தன. நாள் நீண்டுகொண்டே போகும் பருவம் அது. பழைய நேரத்துக்குக் கதவு மூடியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்திருக்கிறது, அந்தக் கோழி மேய்ச்சலை முடிக்கவில்லை. இருட்டிய பிறகு கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மூடிய கதவின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே நேரத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியை உணர்ந்து மூடும் கதவுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மேகம் கவிந்த மாலையில் அதுவும் அவசரப்படும். எந்தக் கதவாக இருந்தாலும், வீடு திரும்பியதும் டார்ச் அடித்துத் தலைகளை எண்ணுங்கள். இறங்கிய கதவின் அடிவிளிம்பு ஒரு பள்ளத்துக்குள் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நரி மூக்கால் நெம்பித் தூக்கிவிடும்.

தாழ்ப்பாளும் அப்படித்தான். ஆணியைச் சுற்றித் திரும்பும் மரக்கட்டை, வளையத்தில் விழும் கொக்கி, இவையெல்லாம் முட்டி முட்டித் திறக்கக் கூடியவை. இரண்டு அசைவு இருந்தால்தான் திறக்கும்படி வையுங்கள்: தாழை இழுத்து, அதன் துளையில் ஒரு சுருள்வில் கொக்கியையும் மாட்டிவிடலாம். பலரும் மறப்பது முட்டைப் பெட்டியின் மூடியை. பலகை கனமாக இருக்கிறதே என்று தாழே போடாமல் விட்டுவிடுவார்கள். நரிக்கு அதுதான் நேர்வழி.

பயமுறுத்தும் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்னும் சிவப்பு விளக்கு, இரவெல்லாம் பாடும் ரேடியோ, வேலியோரம் தூவிய தலைமுடி எல்லாம் சில நாள் பலிக்கும், பிறகு நரி பழகிவிடும். வைப்பதில் தவறில்லை, அதை நம்பிக் கம்பியைப் பழுதுபார்க்காமல் விடுவதுதான் தவறு. வீட்டுக்குள் தூங்கும் நாயும் இதே கணக்கில்தான் சேரும்.

மின்வேலி உண்மையிலேயே வேலை செய்யும், பராமரித்தால். நரி புதிய பொருளை மூக்கால் தொட்டுப் பார்க்கும். ஈரமான மூக்கில் ஒரு முறை அடி வாங்கினால் மறக்காது. ஆனால் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் புல் வழியே மண்ணுக்குப் போய்விடும். மண் காய்ந்து கிடந்தால் நில இணைப்புக் கம்பி சரியாகப் பிடிக்காது. கிளம்பும் முன் சோதனைக் கருவியால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். இயந்திரம் டிக் டிக் என்று அடிக்கிறது என்பதை மட்டும் வைத்து வேலியில் மின்சாரம் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பொறுப்பைக் கொடுப்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. “சாயங்காலம் கதவைச் சாத்திவிடுங்கள்” என்று சொன்னால் அவர் சாத்திவிடுவார். உள்ளே ஏழு இருக்க வேண்டும், கறுப்புக் கோழி எப்போதும் மரக்கிளையில் ஏறி உட்காரும், அதைக் கையால் தூக்கி உள்ளே விட வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தாளில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். தீவனத் தட்டை எடுத்து மூடி வைக்கவும் அதிலேயே எழுதுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடி நரி வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் நரி புகுந்துவிட்டால், ஒரு கோழியோடு போகாமல் எல்லாவற்றையும் கொன்று போட்டிருக்கிறதே, என்ன வெறி என்று தோன்றும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஹான்ஸ் குரூக் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். மிக இருண்ட இரவுகளில் கடற்காகங்கள் பறந்து தப்பாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, நரிகள் தின்னக்கூடியதைவிட மிக அதிகமாகக் கொன்றதை அவர் கண்டார். தப்பி ஓடாத இரை கண்முன்னே இருக்கும்வரை நரியின் வேட்டை நிற்பதில்லை. அடைத்த கூட்டில், இருட்டில், கட்டைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கோழிகளின் நிலையும் அதுதான். மிஞ்சியதை நரி பிறகு தின்பதற்காக இழுத்துப் போய்ப் புதைத்து வைக்கும், அதை எடுக்கத் திரும்பவும் வரும்.

அதனால் ஓட்டையை ஞாயிற்றுக்கிழமை அடைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் புதர்களுக்கு அடியிலும் விறகுக்குப் பின்னாலும் தேடுங்கள். தப்பிய கோழி சத்தமே இல்லாமல் அங்கே பதுங்கியிருக்கும். அதை வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, வலையும் திருகாணியும் எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள். நரி அன்றிரவே வரக்கூடும்.