ஹார்டுவேர் வாலட் அமைக்கும்போது எங்கே சறுக்குகிறது?

எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில், கிடக்கும் காயின் நம் கையில் இல்லை என்பதை 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் பயனர்கள் உணர்ந்தார்கள். சுமார் 23.5 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ ஒரே நாளில் களவுபோனது. அந்தப் பயத்தில், கிரிப்டோவின் சாவியை நம் கையிலேயே வைத்திருக்க உதவும் ஹார்டுவேர் வாலட் கருவி ஒன்றை, லெட்ஜரோ டிரெசரோ, வாங்குவது நல்ல முடிவுதான். ஆனால் பெட்டியைப் பிரித்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் பிழை அதைவிடப் பெரிய இழப்பில் கொண்டுபோய் விடலாம். அப்போது புகார் சொல்லிப் பணம் கேட்க எதிரே ஒரு நிறுவனம்கூட இருக்காது.

அடிப்படையை முதலில் பார்த்துவிடுவோம். காயின் எதுவும் கருவிக்குள் இல்லை. அது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் செலவழிக்கும் சாவிதான் கருவியில் இருக்கிறது. அந்தச் சாவி முழுவதும் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறக்கிறது. கருவி உடைந்தால் வேறொன்று வாங்கிச் சொற்களை ஏற்றினால் போதும். சொற்கள் தொலைந்து கருவியும் பழுதானால் எல்லாம் போச்சு. சொற்கள் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டால், கருவி உங்கள் பூட்டிய பீரோவில் இருந்தும் பயனில்லை.

மலிவாகக் கிடைத்த கருவி

பழைய கருவி, சீல் உடைந்த பெட்டி, யாரென்றே தெரியாத ஆன்லைன் விற்பனையாளர் — இவை மூன்றும் வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்திலோ அவர்கள் பட்டியலிட்ட விற்பனையாளரிடமோ வாங்குங்கள். சீல் சரியாக இருப்பது மட்டும் போதாது. 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆய்ந்த ஒரு போலி டிரெசர் வெளித்தோற்றத்தில் அசலைப் போலவே இருந்தது. உள்ளே சிப்பையே மாற்றியிருந்தார்கள். புதிதாகச் சொற்களை உருவாக்குவதுபோல் நடித்து, முன்பே தயாரித்து வைத்திருந்த 20 தொகுப்புகளில் ஒன்றைத்தான் அது காட்டியது. அதில் ஒருவரின் 1.33 பிட்காயின் போனது.

பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்திருந்தாலோ, பின் (PIN) எண் முன்பே போட்டுக் கருவி வந்திருந்தாலோ அதைப் பயன்படுத்தவே கூடாது. சொற்களை உங்கள் கண் முன்னே கருவியின் திரைதான் காட்ட வேண்டும். தபாலில் "இலவச மாற்றுக் கருவி" வந்தாலும் இதே விதிதான். 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2.7 லட்சம் பேரின் வீட்டு முகவரி உள்ளிட்ட விவரங்கள் கசிந்தன. அடுத்த ஆண்டே சிலர் வீட்டுக்குப் போலிக் கருவிகள் வந்தன.

கருவியோடு கணினியிலோ போனிலோ பயன்படுத்தும் செயலியையும் தேடுபொறி விளம்பரத்தைத் தட்டி இறக்காதீர்கள். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று இருந்தது. சொற்களைக் கணினி விசைப்பலகையில் தட்டச் சொல்லும் எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம்.

சொற்களை எழுதும் அந்தப் பத்து நிமிடம்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கை வலிக்கிறது என்று திரையைப் போனில் படம் எடுப்பார்கள். அந்தப் படம் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். 2025 தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், போன் கேலரியிலுள்ள படங்களுக்குள் இருக்கும் எழுத்தைப் படித்து இந்தச் சொற்களையே தேடியது. அது கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது, ஜிமெயில் டிராஃப்டில் வைப்பது, ஜெராக்ஸ் கடையில் நகல் எடுப்பது எல்லாமே இதே வகைத் தவறு.

காகிதத்தில் எழுதுங்கள். எண் போட்டு, பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு சொல். வரிசை மாறினால் வாலட் மாறிவிடும். இந்த 12 அல்லது 24 சொற்கள் எடுக்கப்படும் மொத்தப் பட்டியலில் 2048 சொற்கள். முதல் நான்கு எழுத்து எந்த இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. நீளமான சொல்லில் பின்பாதி மங்கினாலும் அதனால் தப்பலாம். குட்டிச் சொற்கள்தான் ஆபத்து. கேன் (can), கார் (car), கேட் (cat) மூன்றுமே பட்டியலில் உண்டு; ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து மட்டுமே மாறும். அவசரக் கையெழுத்தில் அந்த ஒரு எழுத்து குழம்பினால் பெரும்பாலும் கருவி "தவறான சொற்கள்" என்று சொல்லிவிடும். 24 சொற்களில் பிழை பிடிபடாமல் நழுவும் வாய்ப்பு 256-இல் ஒன்று. 12 சொற்களிலோ 16-இல் ஒன்று. அப்படி நழுவினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காலியான வேறொரு வாலட் திறக்கும்.

காகிதம் நனையும், கரையான் அரிக்கும். 2015 சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தரைத்தள பீரோவில் இருந்த பத்திரங்களே ஊறிப்போயின. பெரிய தொகை என்றால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளை அடித்துப் பதித்து, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். 24 சொற்களை இரண்டாகப் பிய்த்து 12-12 ஆக இரண்டு இடத்தில் வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஒரு பாதி போனாலும் முழுதும் போகும் என்பதுதான் நிஜம்.

சோதிக்காமல் பணம் ஏற்றுவது

முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். வாலட் தயாரானதும் காயின் பெறுவதற்கான முதல் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியை வேண்டுமென்றே அழியுங்கள். லெட்ஜரில் மூன்று முறை தவறான பின் போட்டால் போதும். டிரெசரில் அமைப்புகளுக்குள் அழிக்கும் வழி இருக்கிறது. இப்போது எழுதி வைத்ததைப் பார்த்தே மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் உங்கள் காகிதம் சரி. வராவிட்டால் பிழை இன்று தெரிந்தது. இன்னும் ஒரு ரூபாய்கூட உள்ளே போகவில்லை.

பாஸ்பிரேஸ் எனப்படும் கூடுதல் சொல் போடுபவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அதற்குச் சரி, தவறு கிடையாது. ஒரு இடைவெளி கூடினாலும், சின்ன எழுத்து பெரிய எழுத்தானாலும் புதிதாக ஒரு காலி வாலட் திறக்கும். மனப்பாடமாக மட்டும் வைத்திருந்து மறந்தவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. எழுதுங்கள், ஆனால் சொற்களோடு ஒரே உறையில் வைக்காதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

வேறு மென்பொருளில் மீட்கும்போது இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரே சொற்களிலிருந்து பல முகவரிக் கிளைகள் வரும். முன்பு பயன்படுத்திய கணக்கு வகையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இருப்பு தெரிந்துவிடும்.

அனுப்பும்போது

முதலில் சிறு தொகை, அது வந்து சேர்ந்ததும் மீதி. பெறும் முகவரியைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது, கருவித் திரையிலும் ஒப்பிடுங்கள்; நகலெடுத்த முகவரியை மாற்றும் தீநிரல்கள் உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் திருப்தியாகிவிடக் கூடாது. 2024 மே மாதத்தில் ஒருவர் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் இருந்த, முனைகள் மட்டும் ஒத்த போலி முகவரிக்கு ஏறக்குறைய 7 கோடி டாலர் அனுப்பினார். நடுவில் எட்டுப் பத்து எழுத்தையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

டாலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிடி காயினை அனுப்பும்போது எக்ஸ்சேஞ்சில் தேர்ந்தெடுக்கும் நெட்வொர்க்கும் (எந்தப் பிளாக்செயின் என்பது) வாலட்டில் உள்ள கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எத்தீரியம் பிளாக்செயினில் யூஎஸ்டிடி வைத்திருந்து, அனுப்பும் கட்டணத்துக்கு அதன் சொந்தக் காயினான எத்தர் இல்லாமல் மாட்டிக்கொள்வது வாராந்திரக் கதை. கொஞ்சம் எத்தரும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

கருவித் திரையில் புரியாத குறியீட்டுக் கோவை வந்து "ஒப்புதல் தரவா?" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனபோது கையொப்பமிட்டவர்களிடமும் ஹார்டுவேர் வாலட் இருந்தது. கணினித் திரை காட்டியது ஒன்று, அவர்கள் ஒப்பமிட்டது வேறொன்று.

கடைசியாக, கருவி எங்கே, எந்தச் செயலி, சொற்கள் எந்த இடத்தில், பாஸ்பிரேஸ் உண்டா என்ற நான்கு வரியை ஒரு தாளில் எழுதி, சொற்களைச் சேர்க்காமல், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.