மாரிக்கு முன் மீட்புக் குழுவின் இணையத்தைத் தயார் செய்வது எப்படி?

மட்டக்களப்பில் வெள்ள நேரத்தில் படகோடும் குழு, முதலுதவிக் குழு, கிராம அனர்த்தக் குழு என்று யார் வேலை செய்தாலும் இதை ஐப்பசிக்கு முன்னமே செய்து முடியுங்கள். வெள்ளம் ஏறினால் பாதை அறும், கரண்ட் போகும், பிறகு டவர்களின் பற்றரியும் இறங்கிவிடும். வாவிக்குக் கிழக்கே டவுன் பக்கமான எழுவான்கரையில் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மேற்கே உள்ள படுவான்கரை தனித்துப் போகும். அதனால் கருவிகளை இரண்டு கரையிலும் வையுங்கள், டவுனில் மட்டும் வைத்துப் பிரயோசனம் இல்லை.

முதல் வேலை கரண்ட். ஒரு 4ஜி ரவுட்டர் ஏறக்குறைய 10 வாட் எடுக்கும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 480 வாட்-மணி இருக்கிறது, அதில் பாதியைத்தான் எடுக்கலாம், முழுக்க இறக்கினால் பற்றரி கெட்டுவிடும், ஆக ஒரு நாள்தான் தாங்கும். பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் வேண்டாம், வீணாகச் சக்தியைத் தின்னும். 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டரென்றால் பற்றரியிலிருந்து நேரே கொடுங்கள், ஆனால் இடையில் வோல்ட்டை ஒரே அளவில் வைக்கும் ஒரு ரெகுலேட்டர் கட்டாயம், சார்ஜ் ஏறும்போது பற்றரி 14 வோல்ட்டைத் தாண்டும். சோலரை மட்டும் நம்பாதீர்கள், மாரி மூட்டத்தில் அது சரியாகத் தராது.

அடுத்தது இணையம் வரும் வழிகள். இரண்டு சிம் போடும் ரவுட்டர் வாங்கி, டயலொக் ஒன்று, மொபிடெல் ஒன்று என்று வேறு வேறு நிறுவன சிம் போடுங்கள். அத்தோடு விடாமல் இரண்டும் எந்த டவரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே டவரில் இரண்டு நிறுவனத்தின் அன்டெனாவும் தொங்கினால் உங்களிடம் இருப்பது ஒரு வழிதான். மூன்றாவது வழியாகச் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் வைக்கலாம், 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. அதற்குத் திறந்த வானம் வேண்டும், தென்னந்தோப்புக்குள் வைத்தால் விட்டு விட்டுத்தான் வரும். பெரிய டிஷ் 75 முதல் 100 வாட் வரை எடுக்கும், மினி என்ற சிறிய டிஷ் அதைவிட மிகக் குறைவு, பற்றரிக்காரருக்கு மினிதான் சரி.

நான் அதிகம் நம்புவது வாவியைத்தான். பாதையை மறிக்கும் அதே தண்ணீர் வயர்லெஸ்ஸுக்கு நல்ல வெளி: மரமில்லை, கட்டடமில்லை. டவுன் பக்கம் உயரமான ஒரு கட்டடத்திலும் படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம் ஒரு கம்பத்திலும் 5 கிகாஹேர்ட்ஸ் டிஷ் ஒவ்வொன்றை முகம் பார்க்க வைத்தால், இக்கரை இணையம் அக்கரைக்குப் போகும், அக்கரை டவர் எல்லாம் படுத்தாலும். கண்ணுக்கு மறுகரை தெரிந்தால் போதாது. 3 கிலோமீற்றர் இணைப்பென்றால் இரண்டு டிஷ்ஷுக்கும் இடையிலான நேர்கோட்டின் நடுவில் சுற்றிவர 6 மீற்றர் அளவுக்கு வெளி இருந்தால் நல்லது, தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையும் குழப்பும், ஆகவே உயர்த்துங்கள். உயர்த்தினால் காற்று பிடிக்கும், 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது, கம்பத்துக்கு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். தொடங்க முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

பாவிக்கும் விதமும் முக்கியம். வீடியோவை ரவுட்டரிலேயே மட்டுப்படுத்துங்கள், ஒருவர் வெள்ளத்தை லைவ் போட்டால் மற்ற எல்லோருடைய செய்தியும் நிற்கும். இடம், ஆட்கள், தேவை, நேரம் என்ற நான்கையும் ஒரே செய்தியில் எழுதப் பழக்குங்கள். டேட்டா நின்ற பிறகும் எஸ்எம்எஸ் சில வேளை போகும், அதே நான்கையும் அதில் அனுப்பலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கம், இவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் கடதாசியில் வையுங்கள், சார்ஜ் இறங்கிய போனுக்குள் இருந்து பயனில்லை.

மாதத்துக்கு ஒரு தரம் முன்னறிவிப்பு இல்லாமல் பிரதான வயரைப் பிடுங்குங்கள், அடுத்த வழி தானாக எடுக்கிறதா, எவ்வளவு நேரத்தில் என்று குறியுங்கள். சிம்களின் டேட்டா காலாவதியையும் அன்றே பாருங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் படுவான்கரையில் குடியிருப்பவராக இருக்கட்டும்.