பச்சை ஸ்மூத்தி குடித்தும் பதினோரு மணிக்கே பசிக்கிறதா?

காலையில் இட்லி தோசையை விட்டுவிட்டு கீரையும் பழமும் சேர்த்து அரைத்த பச்சை ஸ்மூத்தியை ஒரு பெரிய டம்ளர் குடிக்கிறவர்கள் பலர், பதினோரு மணிக்கெல்லாம் சோர்ந்துபோய் பிஸ்கட் டப்பாவைத் தேடுவதைப் பார்க்கிறேன். கீரை சேர்த்தாலே நாள் முழுக்கத் தெம்பு இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. 100 கிராம் பாலக்கீரையில் 25 கலோரிகூட இல்லை. ஃபோலேட், வைட்டமின் கே, கொஞ்சம் நார்ச்சத்து எல்லாம் கிடைக்கும், சரி, ஆனால் மதியம் வரை தாங்குகிற சக்தி வேறு எதிலிருந்தாவது வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது இரண்டு வாழைப்பழம், நாலைந்து பேரீச்சம்பழம், மேலே ஒரு மேசைக்கரண்டி தேன் என்று சர்க்கரையாகவே வந்து சேர்கிறது. அந்தத் தேனில் மட்டும் கிட்டத்தட்ட 17 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை, தேன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் வடிகட்டி வேறு குடித்தால், சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறாமல் தடுக்கிற நாரும் சக்கையோடு போய்விடும். தயவுசெய்து வடிகட்டாதீர்கள்.

பழம் ஒன்று போதும், தேன் வேண்டாம். அதற்குப் பதில் அரை கப் கெட்டித் தயிரும், இரவே ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியும் போடுங்கள். 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, பசி தள்ளிப்போவது இதனால்தான். கடலையின் கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் நிறச்சத்து) உடம்பில் சேர அது தேவை.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது: தினமும் ஒரு கட்டு பாலக்கைப் பச்சையாகவே அரைத்துக் குடிப்பது. பாலக்கில் ஆக்சலேட் என்ற இயற்கை உப்பு மிக அதிகம், தண்டுக்கீரை வகைகளிலும் நிறைய உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது நல்லதே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும் (கீரை வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள், இங்கே மட்டும் கொட்டலாம்). தயிர் சேர்ப்பது இதற்கும் உதவும், அதன் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கொட்டும் தண்ணீரோடு கொஞ்சம் வைட்டமின் சி-யும் போகும் என்பதால், கடைசியில் அரை எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ சேருங்கள், கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஏறவும் அது வேண்டும். குடித்த கையோடு காபி, டீ குடித்தால் அந்த இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். அப்புறம் தினமும் பாலக்கே வேண்டாம், முருங்கை, கொத்தமல்லி, வல்லாரை, வெள்ளரி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். முருங்கைக்கீரையை வேகவைத்துக் கொஞ்சமாகப் போட்டால் போதும், அதிகமானால் கசக்கும்.

கீரையைக் குழாயடியில் ஒருமுறை காட்டிவிட்டு ஜாரில் போடாதீர்கள். வேர்ப்பகுதியை நறுக்கிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், அடியில் மண் தங்காத வரை மூன்று நான்கு தடவை. பச்சையாகச் சாப்பிடும்போது இதில் சோம்பல் கூடாது, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் மண்ணோடும் பாசனத் தண்ணீரோடும் வரும்.

மிக்ஸியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கீரை திப்பி திப்பியாக நிற்கும். முதலில் கீரையும் கடலையும் கொஞ்சம் தண்ணீரோடு மையாக அரைபட வேண்டும், பிறகு பழமும் தயிரும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையையே மாற்றிவிடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.