பெங்களூரு கோல்ஃப் மைதானங்கள்: தண்ணீரிலும் உரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதத்தில் ஃபேர்வேயின் (பந்தை அடித்துக்கொண்டு போகும் நீண்ட புல்வெளி) நடுவே நாலடி அகலத்துக்குப் புல் பழுப்பேறினால், மாலி (தோட்டக்காரர்) வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, நைட்டு இன்னும் பத்து நிமிஷம் தண்ணி விடட்டுமா?" கேள்வி நியாயமானது. சரி என்று சொல்வதில்தான் வீணடிப்பு தொடங்குகிறது. ஒரு ஸ்டேஷனின் (ஒன்றாக ஓடும் ஸ்பிரிங்க்ளர்களின் தொகுதி) நேரத்தைக் கூட்டினால் அந்த நாலடிக்கு மட்டுமா தண்ணீர் போகும்? ஏற்கெனவே நனைந்திருக்கும் மிச்ச இடமெல்லாம் சேர்ந்து குடிக்கும்.

நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரியைப் பம்ப் செய்து கொண்டுவரும் ஊர் இது. 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீரை விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்தக் கோடையை நினைவில் வைத்திருக்கும் எவரும் கோல்ஃப் மைதானத்தின் பச்சையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் கணக்கோடு பதில் சொல்ல முடிய வேண்டும்.

பரவலை அளக்காமல் நேரத்தைக் கூட்டுவது

பழுப்புத் திட்டுகளில் பெரும்பாலானவை ஸ்பிரிங்க்ளரின் குறைதான். சாய்ந்த ஹெட் (தண்ணீரைத் தெளிக்கும் தலை), மண்ணில் புதைந்துபோன ஹெட், மாற்றும்போது கைக்குக் கிடைத்த அளவில் மாட்டிய நாசில் (ஹெட்டில் தண்ணீர் வெளிவரும் துளை), கடைசி ஹெட் வரை எட்டாத பிரஷர் என்று எதுவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். டப்பா வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, ஒரே அளவு டப்பாக்களாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே விரிந்த பிளாஸ்டிக் டம்ளரில் உயரத்தை அளந்தால் கணக்குத் தப்பும். பக்கத்துப் பக்கத்து ஹெட்களுக்கு இடையிலுள்ள பரப்பு முழுதும் மூன்று மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம்போல வைத்து, காற்று இல்லாத விடியற்காலையில் 15 நிமிடம் ஓட்டுங்கள். அந்தப் பரப்பில் தண்ணீர் விழும் எல்லா ஹெட்களும் அதே 15 நிமிடம் ஓடியிருக்க வேண்டும். ஒரு ஸ்டேஷனை மட்டும் ஓட்டிவிட்டுப் பரவல் மோசம் என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

எல்லா டப்பாக்களின் சராசரியை எடுங்கள். பிறகு, குறைவாக விழுந்த கால்பங்கு டப்பாக்களின் சராசரியைத் தனியாக எடுத்து, முதல் எண்ணால் வகுங்கள். 0.8 வந்தால் நல்ல பரவல். 0.6 என்றால், மிக வறண்ட இடத்துக்கு 5 மில்லிமீட்டர் போய்ச் சேர மொத்தப் பரப்புக்கும் 8.3 மில்லிமீட்டர் விட வேண்டும். 0.8-க்கு 6.25 போதும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 4,047 லிட்டர். 60 ஏக்கர் பாசனப் புல் இருந்தால் இந்த வித்தியாசம் ஒரே இரவில் ஐந்து லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் நாற்பதுக்கும் மேல். நாசிலையும் சாய்ந்த ஹெட்டையும் சரிசெய்ய ஆகும் செலவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் வால்வைத் திறப்பது

பரவல் சரியாக இருந்தும் திட்டு போகவில்லை என்றால், சாயில் புரோபை (மண் மாதிரி எடுக்கும் குழாய்) இறக்கி ஒரு மண்துண்டை எடுங்கள். அதைக் கிடையாக வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு ஐந்து நொடிக்கு மேல் முத்துப்போல அப்படியே நின்றால் அந்த மண் தண்ணீரை உள்ளே விடவில்லை என்று பொருள். மணல் கலவையில் போட்ட கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்பரப்பு) இது சகஜம். அங்கே எவ்வளவு ஓட்டினாலும் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். ஃபோர்க்கால் குத்தி, வெட்டிங் ஏஜெண்ட் (தண்ணீர் மண்ணுக்குள் இறங்க உதவும் திரவம்) கலந்து, கைக்குழாயால் அந்தத் திட்டுக்கு மட்டும் விடுவதுதான் வைத்தியம்.

ஃபேர்வேயின் சிவப்பு மண்ணில் பிரச்சினை வேறு மாதிரி. களி கூடிய இடங்களில் 20 நிமிடம் ஒரே மூச்சில் விட்டால் கணிசமான பங்கு சரிவில் ஓடிவிடும். ஏழு நிமிடமாக மூன்று தடவை, நடுவில் அரை மணி இடைவெளி கொடுத்தால் மண் உறிஞ்சிக்கொள்ளும்.

புல் வெட்டும் ரீலின் கூர்மையையும் பாருங்கள். மழுங்கிய பிளேடு புல்லைக் கிழிக்கும், கிழிந்த நுனி வெளுத்துக் காயும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் தண்ணீர்க் குறைபோலவே தெரியும்.

வானிலையைக் கேட்காத டைமர்

ஏப்ரலில் போட்ட நேரமே அக்டோபரிலும் ஓடிக்கொண்டிருக்கும் மைதானங்கள் உண்டு. வறண்ட கோடையில் பெங்களூருவில் ஒரு நாள் ஆவியாதல் கணக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர். பெர்முடா புல்லுக்கு அதில் 60 முதல் 70 சதவீதம் கொடுத்தால் போதும். அது நாளொன்றுக்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர். மைதானத்தின் நாலு மூலையிலும் மழைமானி வையுங்கள். இந்த ஊரில் ஒரு முனையில் கொட்டும் மழை மறுமுனையில் தூறலாகக்கூட இருக்காது. 10 மில்லிமீட்டர் பெய்திருந்தால் அடுத்த இரண்டு இரவு ஸ்டேஷன்களை நிறுத்துங்கள்.

சுத்திகரித்த நீரை வெறும் தண்ணீராக நினைப்பது

குடிநீரையும் போர்வெல்லையும் விட்டுவிட்டு சுத்திகரித்த கழிவுநீருக்கு மாறுவது சரியான முடிவு. மாறிய பிறகும் பழைய உர அட்டவணையை அப்படியே வைத்திருப்பதுதான் தவறு. அந்த நீரிலேயே நைட்ரஜன் இருக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு, வருடத்தில் 600 மில்லிமீட்டர் பாசனம் செய்தால், ஹெக்டேருக்கு 60 கிலோ நைட்ரஜன் தண்ணீரோடு வந்துவிடுகிறது. யூரியா கணக்கில் ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கும் மேல். 60 ஏக்கருக்கு எழுபது மூட்டை. இதைக் கழிக்காமல் உரம் போட்டால் புல் கொழுத்து வளரும், வெட்டும் வேலை கூடும், டீசல் கூடும், நோயும் சுலபமாக வரும். பாஸ்பரஸும் இப்படியே வந்து சேர்வதால், மண் பரிசோதனை கேட்டாலொழிய பாஸ்பரஸ் உரத்தைத் தொடாதீர்கள்.

உப்பையும் சோடியத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். மின்கடத்துதிறன் (நீரிலுள்ள உப்பைக் காட்டும் எண், dS/m அளவில்) 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் நல்ல நீர் கலக்காமல் அந்த நீரை விடக் கூடாது. சோடியம் கூடினால் களிமண் துகள்கள் பிரிந்து மேற்பரப்பு மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடப் பாசனத்துக்கே தண்ணீர் தேங்குவதும், வெற்று மண்ணில் பாசி படர்வதும் அதன் அடையாளம். ஜிப்சம் தூவுவது எல்லோருக்கும் தெரியும். தூவிய பிறகு ஆழமாகத் தண்ணீர் விட்டு, விடுபட்ட சோடியத்தை வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் இந்த வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். கவனம் தேவைப்படுவது ஜனவரி முதல் மே வரை.

இந்த நீரை ஆட்டக்காரர்களும் கேடிகளும் (ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்கள்) இல்லாத இரவில்தான் விட வேண்டும். குழாய்களுக்குத் தனி நிறம் அடித்து, "குடிக்கக் கூடாது" என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வையுங்கள். குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும் இணைப்பு இருக்கக் கூடாது. கைக்குழாய் பிடிக்கும் ஆட்களுக்குக் கையுறையும், சாப்பிடும் முன் கைகழுவ சோப்பும் கட்டாயம்.

மழைக்கு முந்தின நாள் உரம், தேதி பார்த்து மருந்து

மே மாதத்து மாலை மழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அன்று காலை போட்ட உரம் ராஜகாலுவே (ஊரின் பெரிய மழைநீர் வாய்க்கால்) வழியாக ஏரிக்குப் போகும். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததற்கும், 2017-ல் பற்றி எரிந்ததற்கும் முக்கியக் காரணம் சுத்திகரிக்காத சாக்கடை. அதற்காக நம் பங்கையும் சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை. கனமழை எச்சரிக்கை இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஐந்து மீட்டராவது உரமும் மருந்தும் படாத உயரமான புல்லாக விடுங்கள். ஸ்பிரேயர் கழுவுவதும் அந்தக் கரையில் கூடாது.

பூச்சி மருந்தைத் தேதி பார்த்து அடிப்பது பழைய பழக்கம். புழு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் கலந்து, ஒரு சதுர கஜப் புல்லின்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். இலை தின்னும் புழுக்கள் மேலே வந்துவிடும், எண்ணிக்கொள்ளலாம். வேர்ப்புழு இப்படி வராது. அதற்கு ஒரு சதுர அடிப் புல்லைப் பாய்போலப் பிரட்டிப் பார்க்க வேண்டும். பூஞ்சைக்கு ஒரே வகை மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும். பிராண்டை மாற்றினால் போதாது, மருந்தின் வகையே மாற வேண்டும்.

ஜூனில் நிரம்பி நிற்கும் குளம்

வருடத்துக்கு சராசரி 970 மில்லிமீட்டர் மழை என்றால், நூறு ஏக்கர் மைதானத்தின்மேல் 39 கோடி லிட்டர் விழுகிறது. இதில் பிடித்து வைக்க முடிவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் இடமில்லாதபடி மே கடைசியில் குளங்களை விளிம்புவரை நிரப்பி வைப்பது பார்வைக்கு அழகு, கணக்குக்கு நஷ்டம். மே மாதத்தில் குளத்து நீரைப் பயன்படுத்தி மட்டத்தை இறக்குங்கள். அப்படியே வரத்து வாய்க்காலின் வண்டலையும் எடுத்துவிடுங்கள்.

பாசி வந்ததும் குளம் முழுக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதும் தவறு. பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் மீன்கள் மிதக்கும். ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட்டுங்கள். வேறு வழியே இல்லாமல் மருந்து போட நேர்ந்தால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக மீட்டர். பம்ப் ரூமில் ஒன்று மட்டும் இருந்தால் மாதக் கடைசியில் ஒரு பெரிய எண் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போர்வெல், சுத்திகரித்த நீர், குளம் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர் போட்டு, காலை ஆறு மணிக்கு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மழைமானி அளவும் அதே பக்கத்தில் வரட்டும். பாசனம் நிறுத்திய இரவில் மீட்டர் ஓடியிருந்தால், எங்கோ வால்வு மூடவில்லை அல்லது குழாய் உடைந்திருக்கிறது. அன்று காலையே ஆள் அனுப்பித் தேடிவிடலாம்.