மென்மையான பெயின்றில் விழுந்த சுழிக்கீறல்களை மெசினால் நீக்கும் முறை

கறுப்புக் காரொன்றை திருகோணமலை உட்துறைமுக வீதியோரம் காலை வெயிலில் நிறுத்திவிட்டு, பொனற்றில் சூரியன் பளிச்சிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்ணிய கோடுகள் வட்டவட்டமாகத் தெரியும். நீங்கள் தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடப்பவை. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம்போலத் தோன்றுகின்றன. பல காலம் தேய்த்துக் கழுவிய சில்வர் தட்டை மின்குமிழின் கீழே பிடித்தால் இதே வலையைக் காணலாம்.

சுழிக்கீறல்கள் எனப்படும் இவை நிறத்தில் விழுந்தவை அல்ல. நிறத்துக்கு மேலே கண்ணாடிபோலப் படிந்திருக்கும் கிளியர் கோட்டில் விழுந்தவை. பொதுவாக அந்தப் படலத்தின் தடிப்பு 35 முதல் 50 மைக்ரோன் வரைதான் இருக்கும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடிப்பூச்சு, நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடிப்பு ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 80 முதல் 120 மைக்ரோனுக்குள் அடங்கிவிடும். ஒரு தடவை முறையாகப் பொலிஷ் செய்தால் அதிலிருந்து 1 முதல் 3 மைக்ரோன் வரை குறையும். எனவே இது ஆண்டுதோறும் செய்யத்தக்க வேலை அன்று. நம் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் கிளியர் கோட், குறிப்பாகக் கறுப்பு நிறங்களில், மிகவும் மென்மையானது. டொயோட்டாவின் 202 ஆம் இலக்கக் கறுப்பு இதற்குப் பெயர்போனது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் வைத்திருந்த காரையே பேணிக் காத்தவர்களுக்கு, அதன் மேலிருக்கும் ஒவ்வொரு மைக்ரோனின் அருமையையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மென்மையான பெயின்றில் கீறல் இலகுவில் போய்விடும். அதே இலகுவில் புதிய கீறலும் விழுந்துவிடும். பழைய கீறலை எடுப்பது இங்கே பெரிய காரியமே அன்று. எடுத்த பின் பேட்டும் (மெசினில் பூட்டித் தேய்க்கும் மெத்தை) துவாயும் நம் கையும் புதிய தடத்தை விடாமல் வேலையை முடிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. கடும் பெயின்றுக்குப் பழகிய ஒருவர் கைவசமுள்ள வலிய கொம்பவுண்டோடு (கரடான பொலிஷ்) தொடங்கினால் இங்கே தோற்றுப்போவார். எனது கார் ஒருமுறை அப்படித்தான் பாழானது. 'கட் அன்ட் பொலிஷ்' செய்து தருவதாகச் சொன்ன ஓரிடத்தில், ஒரே திசையில் வேகமாகச் சுழலும் மெசினில் கம்பளிப் பேட்டைப் பூட்டி, முற்பகல் வெயிலிலேயே தேய்த்தார்கள். அன்று மாலை கார் கண்ணாடியாய் மின்னியது. இரண்டு முறை கழுவியதும், பொலிஷில் இருந்த எண்ணெய் போய், கதவு முழுவதும் மெசின் சென்ற வழியே அலையலையான நிழல்கோடுகள் எழுந்தன. கீறலை அவர்கள் எடுக்கவில்லை. எண்ணெயால் நிரப்பி மறைத்துவிட்டு, மேலும் கீறியிருந்தார்கள்.

முதலில் இடத்தையும் நேரத்தையும் தீர்மானிக்க வேண்டும். திருகோணமலையில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ திறந்த முற்றத்தில் பொலிஷ் செய்வது வீண்வேலை. பறந்து வரும் ஒரு மணல் துகள் பேட்டின் கீழே அகப்பட்டால், அது ஒரு கதவு முழுவதையும் கோலமிட்டுவிடும். மூன்று பக்கமாவது அடைத்த கொட்டகை வேண்டும். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, விடிந்ததும் தொடங்கி, தகடு சூடேறுமுன் முடிப்பது நல்லது. புறங்கையைப் பொனற்றில் வைத்துப் பாருங்கள்; இதமாக வைத்திருக்க முடியாத சூட்டில் பொலிஷ் காய்ந்து ஒட்டும், மென்மையான கிளியர் மேலும் இளகும்.

கழுவுவதை அவசரப்படுத்தக் கூடாது. கடற்கரையோரம் நிற்கும் காரில் உப்பும் மணலும் கலந்து படிந்திருக்கும். கை வைக்குமுன் மேலிருந்து கீழாகத் தாராளமாக நீரடித்து அதை இறக்க வேண்டும். பின்னர் ஒரு வாளியில் ஷம்பு கலந்த நீரும், இன்னொன்றில் வெறும் நீருமாக வைத்து, ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் கழுவும் கையுறையை வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷம்புவில் தோய்க்க வேண்டும். நம் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருக்கக்கூடும். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் படியும். ஆகவே உடனே துவட்ட வேண்டும். காய்ந்த பின் மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொனற்றைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு உணர்ந்தால், கழுவியும் போகாத அழுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். கிளே எனப்படும் களிக்கட்டியை, ஷம்பு நீர் வழுக்கும்படி விட்டு, அழுத்தாமல் தடவி அதை எடுக்கலாம். மென்மையான பெயின்றில் களியும் சிறிது தடம் விடும். அடுத்து பொலிஷ் வருவதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். களி தவறி நிலத்தில் விழுந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய மணலை எடுக்க முடியாது.

பெயின்றின் தடிப்பை அளக்கும் தடிப்பளவி கிடைத்தால் ஒவ்வொரு தகட்டிலும் நாலைந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 மைக்ரோனுக்குக் கீழே காட்டும் இடத்தில் மெசினை வைக்காதிருப்பதே பாதுகாப்பு. 200க்கு மேல் காட்டினால் அத்தகடு மறுபடி பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கும். தடிப்பு அதிகம் என்பதால் கிளியரும் தடிப்பாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிளாஸ்ரிக் பம்பரில் இந்த அளவி வேலை செய்யாது. தகட்டின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ற் மெல்லியதாக இருப்பதால் அவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இறப்பர்ப் பட்டிகளையும் கறுப்புப் பிளாஸ்ரிக் பாகங்களையும் அப்படியே மூட வேண்டும்.

மெசினைப் பொறுத்தவரை, சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை இயக்க மெசினே இந்தப் பெயின்றுக்கு உகந்தது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெசின் நல்ல கைகளில் அருமையான கருவிதான். ஆனால் மென்மையான கறுப்புப் பெயின்றில் அது நிழல்கோடு விடாமல் முடிப்பவர்கள் அரிது. பேட்டில் மிக மென்மையான, முடிப்புக்கென்றே செய்யப்பட்ட ஃபோம் வகையை எடுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் கறுப்பு மென்மையாக இருக்க, இன்னொன்றின் கறுப்பு வேறு தரமாக இருக்கும். சிறிய காருக்கே ஐந்தாறு பேட்டுகள் வேண்டும். பொலிஷ் நுண்ணியதாக இருக்கட்டும். மெகுவயர்ஸின் எம்205 போன்ற முடிப்புப் பொலிஷ்கள் இத்தகைய பெயின்றில் தனியாகவே சுழிக்கீறல்களை எடுத்துவிடும்.

காரில் கைவைக்குமுன் ஒரு சோதனைச் சதுரம் அவசியம். இதில் செலவாகும் அரை மணி நேரமே மீதி வேலை முழுவதையும் காப்பாற்றுகிறது. பொனற்றின் நடுவில் ஐம்பது சென்ரிமீற்றர்ச் சதுரமொன்றை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டின் முகம் முழுவதும் பொலிஷை விரலால் மெல்லியதாகத் தடவி, மேலே பயற்றம் விதையளவில் மூன்று நான்கு துளிகள் இடுங்கள். மெசினை நிறுத்திய நிலையிலேயே பேட்டைத் தகட்டில் வைத்த பின்னர்தான் இயக்க வேண்டும். முதலாம் வேகத்தில் சதுரம் முழுவதும் பரப்பிவிட்டு, ஆறு வேகமுள்ள மெசினாயின் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் வைத்து, ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் என்ற நிதானத்தில், முந்திய தடத்தின் பாதியைப் பிந்திய தடம் மூடும்படி நகர்த்துங்கள். ஒருமுறை இடவலமாக, அடுத்தமுறை மேல்கீழாக, இப்படி நான்கு தடவை போதும். மெசினின் பாரமே அழுத்தத்துக்குப் போதுமானது. கையின் வேலை அதைச் சமநிலையில் பிடிப்பது மட்டுமே. கடைசித் தடவையில் மெசினின் பாரத்தையும் சற்று ஏந்திக்கொள்ளுங்கள். பேட்டின் பின்தட்டு விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேட் சுழல்கிறதா, அதிர்வு மட்டும் நடக்கிறதா என்பது அக்கோட்டைப் பார்த்தே தெரியும். வளைந்த இடங்களில் பேட் சாய்ந்தால் அது சுழல்வது நின்றுவிடும். சுழலாத பேட் கீறலை எடுக்காது.

துடைக்கும்போதே பாதிப்பேர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். மென்மையான கறுப்பில் காய்ந்த பொலிஷை அழுத்தித் துடைத்தால் துவாயே கீறும். விளிம்புத் தையல் இல்லாத, மயிர் நீண்ட மைக்ரோபைபர் துவாயை நான்காக மடித்து, துவாயின் பாரத்தில் இழுத்து, ஒவ்வொரு முறையும் புதிய பக்கத்தைத் திருப்புங்கள். பிறகு ஐசோப்ரொபைல் அல்ககோலை நீரில் பதினைந்து சதவீதத்துக்கு மேற்படாமல் கலந்து தெளித்து, எண்ணெயை நீக்கிவிட்டுப் பாருங்கள். அதைவிடக் கடுமையான கலவை மென்மையான கிளியரை இளக்கும். கொட்டகையின் குழாய் விளக்கில் எதுவும் தெரியாது. ரோச் லைற்றைச் சாய்வாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, காரை ஒரு நிமிடம் வெயிலுக்கும் நகர்த்திப் பார்ப்பதே உறுதியானது.

அப்போது மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள். சதுரம் தெளிந்திருந்தால் அதே முறையை முழுக் காருக்கும் கடைப்பிடியுங்கள். கீறல் மிச்சமிருந்தால், பொலிஷை மாற்றாமல் பேட்டை மட்டும் ஒருபடி கடுமையாக்குங்கள். அதுவும் போதாவிடில் மட்டுமே பொலிஷை மாற்ற வேண்டும். கீறல் போய், ஆனால் வெளிச்சத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்ததுபோன்ற மூட்டம் தெரிந்தால், இந்தப் பெயின்றின் உண்மையான சிக்கல் அதுதான். பலர் அதைக் கண்டு இன்னும் கடுமையான பொலிஷை எடுக்கிறார்கள்; மூட்டம் மேலும் தடிக்கிறது. அதற்கு மாறாக வேகத்தைக் குறையுங்கள், பொலிஷைக் குறையுங்கள், புதிய மென்பேட் ஒன்றைப் பூட்டுங்கள். பெரும்பாலும் குற்றம் பேட்டில்தான் இருக்கும்: உரிந்துவந்த கிளியரும் காய்ந்த பொலிஷும் அதில் கட்டிபட்டு, மணல்தாளைப் போல வேலை செய்கின்றன. ஒரு சதுரம் முடிந்ததும் பேட்டை நைலோன் தூரிகையால் தட்டிச் சுத்தப்படுத்துவதை ஒருபோதும் தவறவிடக் கூடாது. ஈரமும் புழுக்கமுமான நாட்களில் பொலிஷ் பசைபோல இழுபட்டு, சிறு பொட்டுகளாகத் தகட்டில் ஒட்டுவதுண்டு. அத்தகைய இடத்தில் மறுபடி ஓட்டாமல், முதலில் துடைத்து, தகட்டை ஆறவிட்டு, குறைந்த பொலிஷோடு தொடருங்கள்.

நகத்தால் மெதுவாக வருடும்போது தட்டுப்படும் கீறலை மெசினால் எடுக்க முயலாதீர்கள். அதன் அடி கிளியருக்குள் மிக ஆழத்தில் கிடக்கும். அதை எட்டும்வரை சுற்றியுள்ள எல்லாவற்றையும் தேய்த்தால் நிறமே வெளிப்பட்டுவிடும். அதன் ஓரங்கள் மழுங்கி, தூரத்தில் தெரியாமற் போவதோடு விட்டுவிடுவதே அறிவுடைமை. மறுபெயின்ற் அடித்த தகடு சில வாரங்கள் முழுதாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

கூரை, பொனற், பின்கதவு, பிறகு பக்கக் கதவுகள், கடைசியாகக் கீழ்ப்பகுதி என்ற வரிசையில் சென்றால் கீழே படிந்திருக்கும் மணல் மேலே ஏறாது. கறுப்புக் காரொன்று ஒரே காலையில் முடியாது. இரண்டு மூன்று காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் காரை வெளியே எடுத்தால் மறுநாள் மீண்டும் கழுவியே தொடங்க வேண்டும். முழுவதும் முடிந்ததும் பெயின்றைக் காக்கும் மேற்பூச்சான நல்ல சீலன்ற் ஒன்றை மெல்லியதாகப் பூசிவிடுங்கள்.

இனிமேல் கோழியிறகுத் தூசிதட்டியைக் காரிலிருந்து அகற்றிவிட வேண்டும். மென்மையான பெயின்றுக்கு அதைவிடப் பெரிய எதிரி, தூசி படிந்த காரின் மேல் போடும் கவர். கச்சான் அதை இரவெல்லாம் அசைத்து, அடியில் கிடக்கும் மணலால் தேய்த்துக்கொண்டேயிருக்கும். கழுவிய கார்மேல், காற்றில்லாத இடத்தில் மட்டும் கவரைப் போடுங்கள். பயன்படுத்திய பேட்டுகளை அன்று மாலையே, பொலிஷ் இறுகுமுன், இளஞ்சூட்டு நீரிலும் மென்சவர்க்காரத்திலும் பிசைந்து கழுவி, நிழலில் உலரவிட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்துவிடுங்கள்.