கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ: தூரமும் நேரமும்

ஊருக்குப் போகவோ, அம்மா அப்பாவைக் கூப்பிடவோ டிக்கெட் பார்க்கிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாக வந்தால் சுமார் 14,400, டோகா வழியாக 14,500. ஆக, இடையில் மாறி ஏறுவதால் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை, காத்திருப்புத்தான் கூடுகிறது. கொழும்பு–துபாய் நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், துபாய்–ரொறன்ரோ சுமார் 14. திரும்பிப் போகும்போது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். அதனால் துபாய் வரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மிச்சம்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். இலங்கை நேரம் குளிர்காலத்தில் ரொறன்ரோவைவிட 10½ மணித்தியாலம் முன்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9½. ஜனவரியில் சனி அதிகாலை 3:00க்குப் புறப்பட்டு அதே சனி மாலை 4:00க்கு இறங்கினால், பார்வைக்கு 13 மணித்தியாலம். அதோடு 10½ஐக் கூட்டுங்கள்: உண்மைப் பயணம் 23½. மறுபக்கம், ரொறன்ரோவில் வெள்ளி இரவு 10:00க்கு ஏறி 20 மணித்தியாலம் பயணம் செய்பவர் ஞாயிறு அதிகாலை 4:30க்குத்தான் இறங்குவார். கூட்டிப்போக வருபவர்களுக்குக் கிழமையைச் சொல்லுங்கள், மணியை மட்டும் சொல்லாதீர்கள்.

அதிகம் பிழைக்கும் இடம் இன்னொன்று. "சனி 03:00" என்றால் வெள்ளி இரவு 12 மணிக்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். சனி இரவு என்று நினைத்துப் போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் தரைவழிப் பயணத்துக்கு ஏழெட்டு மணித்தியாலமும் சேர்த்து வெள்ளி மதியமே வெளிக்கிட வேண்டும்.

மாறி ஏறும் இடத்தில் வயதானவர்களுக்கு மூன்று மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறும்போது புது டிக்கெட் உங்கள் செலவு. மலிவென்று நியூயோர்க் வழியாக எடுக்காதீர்கள்: இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும்.

நிரந்தர வதிவிட அட்டை கைக்கு வரும் முன் ஊருக்குப் போகாதீர்கள். அது இல்லாமல் கனடா விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கேயே தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும்.

நடக்கச் சிரமப்படும் பெற்றோருக்குச் சக்கர நாற்காலியைக் குறைந்தது 48 மணித்தியாலம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கீழே ஏற்றும் பெட்டியில் அது உறைந்து பழுதாகலாம். எந்த ஊர் நேரப்படி ஊசி போடுவது என்று புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.