சேமித்த படத்திலிருந்து செய்து முடித்த பொருள் வரை

வீட்டு ஒழுங்கு, கைவினை, தையல், தொட்டிச்செடி என்று இணையத்தில் உலவும்போது கண்ணில் படும் நல்ல யோசனைகளைச் சேமித்து வைக்கும் பழக்கம் இன்று பலருக்கும் உண்டு. பின்டரெஸ்ட் போன்ற தளங்கள் 2010-இல் தலைகாட்டுவதற்கு முன்பும் இதே வேலையை மக்கள் பழைய இதழ்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கத்தரிக்கோலும் பசையும் எடுக்க வேண்டியிருந்ததாலேயே, உண்மையில் பிடித்த படம் மட்டும்தான் நோட்டில் ஏறியது. இப்போதோ ஒரு தொடுகையில் சேமிக்க முடிவதால், பிடித்ததும் பிடிக்காததும் ஒரே குவியலாகச் சேர்ந்துவிடுகின்றன. என்னிடம் ஒரு காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன; அவற்றைப் பார்த்து நான் செய்து முடித்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் ஏன் முடிந்தன, மற்றவை ஏன் முடியவில்லை என்று யோசித்ததில் கிடைத்த வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தைச் சேமிக்கும் நொடியிலேயே, அதில் எனக்குப் பிடித்தது எது என்பதை ஒரே வரியில் எழுதிவிடுவதுதான் முதல் வேலை. இது சிறு பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 'அழகான வாசிப்பு மூலை' என்று எழுதுவதற்கும், 'நாற்காலிக்கு இடப்புறம், தோளுக்குச் சற்று மேலே இருந்து விழும் விளக்கொளி' என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதல் குறிப்பு புதிய நாற்காலி, புதிய விரிப்பு, புதிய அலமாரி என்று செலவுக்கு இழுத்துச் செல்லும். இரண்டாவது குறிப்பு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விளக்கை வேறிடத்தில் நகர்த்தி வைப்பதோடு முடிந்துவிடும். நான் செய்து முடித்த மூன்றில் ஒன்று இதுதான். கால் மணி நேரம் ஆனது.

மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்தல்

அடுத்து, படம் வந்த மூலப் பக்கத்தைச் சேமிப்பதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த படங்களில் பல, செய்முறை எதுவும் இல்லாத வெறும் படங்களாகவே நின்றுவிடுகின்றன. மூலம் தெரியாத படத்தைக் கூகுளின் படத்தேடலில் இட்டால், அது முதலில் வெளிவந்த பக்கம் கிடைக்க வாய்ப்புண்டு. பக்கம் அழிந்துபோயிருந்தால், அதன் முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைத்து 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். பழைய தையல் செய்முறைகள் சிலவற்றை நான் இப்படித்தான் மீட்டேன்.

மூலம் கிடைக்காததற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: அப்படி ஒரு பொருளே உலகில் இல்லாமல் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் கைவினைப் பக்கங்களில், குறிப்பாகக் குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மைகளிலும் போர்வைகளிலும், ஏராளமாகக் கலந்துவிட்டன. படத்தைப் பெரிதாக்கி, ஒரு வரிசைக் கண்ணிகளை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். உண்மையான பின்னலில் ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள் நுழைந்து வரிசையாகச் செல்லும். போலிப் படத்தில் பாதி வழியில் நூல் கரைந்துபோகும், அல்லது குரோஷேயாகத் தொடங்கியது இரட்டை ஊசிப் பின்னலாக முடியும். வேலை நடந்துகொண்டிருக்கும் நிலையில் எடுத்த படமோ, பின்புறத்தைக் காட்டும் படமோ ஒன்றுகூட இல்லாத செய்முறையைப் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அளவு

பெரும்பாலான யோசனைகள் தோற்கும் இடம் இதுவே என்பதால், இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. அறைகளின் படங்கள் பெரும்பாலும் அகன்ற கோண லென்ஸால் எடுக்கப்படுகின்றன. அந்த லென்ஸ் அறையை உள்ளதைவிட நீளமாகவும் விசாலமாகவும் காட்டும். ஆகவே படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். கதவு ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் இருக்கும். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ., உணவு மேசை 75 செ.மீ., சமையல் மேடை 85 முதல் 90 செ.மீ. என்ற அளவுகள் பெரும்பாலும் ஒத்துவரும். படத்தில் உள்ள அலமாரி, அறைக் கதவின் உயரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டாலே, அது உங்கள் சுவருக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். அருகருகே, கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும் பொருள்களை மட்டுமே இப்படி ஒப்பிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அதன்பிறகு, மாஸ்கிங் டேப்பை எடுத்து, வைக்கப்போகும் பொருளின் எல்லையைத் தரையிலும் சுவரிலும் முழு அளவில் ஒட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் அதைச் சுற்றியே நடமாடிப் பாருங்கள். ஆள் நடந்து செல்லும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். கதவும் இழுப்பறையும் முழுமையாகத் திறக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்; நான் ஒருமுறை ஒரு முழு வாரம் செலவிட்டுச் செய்த செருப்பு அடுக்கு, வாசல் கதவைப் பாதியில் தடுத்து நிறுத்தியது. அடுக்கைச் செய்வதற்கு அளந்த நான், கதவு திரும்பும் வளைவை அளக்கவில்லை.

சுவர்ப் பலகைகளுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. படங்களில் இரண்டு தாங்கிகளின் மேல் நீண்ட பலகை ஒன்று நூல் பிடித்ததுபோல் நேராக நிற்கும், ஆனால் அதன்மேல் இரண்டு குவளைகளும் ஒரு செடியும்தான் இருக்கும். புத்தகங்களை அடுக்கினால் கதை வேறு: ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் 20 முதல் 30 கிலோ வரை இருக்கக்கூடும். பலகை முழுவதும் சீராகச் சுமை இருக்கும்போது, நடுவில் ஏற்படும் தொய்வு தாங்கிகளுக்கு இடையிலான தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதிகரிக்கும். அதாவது 60 செ.மீ. இடைவெளியை 90 செ.மீ. ஆக்கினால், தொய்வு ஒன்றரை மடங்கு அல்ல, ஏறத்தாழ ஐந்து மடங்காகும். மறுபுறம், பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே புத்தகம் வைப்பதாக இருந்தால், படத்தில் எப்படி இருந்தாலும், நடுவில் ஒரு தாங்கியைக் கூடுதலாகப் பொருத்துவதே அறிவுடைமை. தாங்கியை மாட்டும் சுவர் கல்லா, காங்கிரீட்டா, வெறும் ஜிப்சம் பலகையா என்று பார்த்து திருகைப் பிடித்துக்கொள்ளும் அதற்குரிய பிளக்கைத் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்த வேலையே. படச்சட்டங்களைப் பொறுத்தவரை, சட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டினால் நிற்பவரின் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

நிறமும் துணியும் நூலும்

திரையில் பார்த்த நிறம் சுவரில் அதே நிறமாக வராது. படம் எடுத்தபோதிருந்த ஒளி, அதன்மேல் போட்ட ஃபில்டர், உங்கள் திரையின் அமைப்பு என மூன்று அடுக்குகளைத் தாண்டித்தான் அந்த நிறம் உங்களை வந்தடைகிறது. எனவே பெயிண்டின் சிறு மாதிரியை வாங்கி, ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, அந்த அட்டையை அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்து வைத்துக் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் பல்பின் மஞ்சள் ஒளியில் இதமாகத் தெரியும் சாம்பல் நிறம், 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலம் பாய்ந்ததுபோல் தெரியலாம். வாங்கும் அளவையும் முன்பே கணக்கிடலாம்: வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர், 2.7 மீட்டர் உயரம் கொண்ட அறையில் நான்கு சுவர்களும் சேர்ந்து 37.8 சதுர மீட்டர். கதவு, சன்னலுக்கு 5 கழித்தால் சுமார் 33. இரண்டு கோட்டுக்கு ஆறரை லிட்டருக்குச் சற்று அதிகம்.

துணி வேலை என்றால், வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை துவைத்து உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 2 மீட்டர் திரைச்சீலையில் அது 6 முதல் 10 செ.மீ. வரை ஆகும். படத்தில் மடிப்பு மடிப்பாக விழும் திரைச்சீலை அழகாக இருப்பதற்குத் துணியின் விலை காரணமல்ல, அகலமே காரணம்: கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத் துணி எடுத்தால் சாதாரணத் துணியும் அப்படி விழும்.

பின்னல் வேலையில் மாதிரிச் சதுரம் பின்னிப் பார்க்காமல் தொடங்குபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். செய்முறை 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று சொல்லும்போது, உங்கள் கை சற்று இறுக்கமாகி 22 கண்ணி விழுந்தால், 100 செ.மீ. சுற்றளவுக்காகப் போட்ட 200 கண்ணிகள் 91 செ.மீ.யில் முடிந்துவிடும். அந்த மேலாடையை அணிய வேறு ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். சதுரத்தைப் பின்னி, துவைத்து, உலர்ந்த பின் அளந்து, தேவைப்பட்டால் ஊசியின் அளவை மாற்றிக்கொள்வது ஒரு மாலைப் பொழுது வேலை.

செய்யக் கூடாதவை

சில யோசனைகளை அழகாக இருந்தாலும் சேமிக்காமலே கடந்துவிட வேண்டும். மரப்பலகையில் மின்சாரத்தைப் பாய்ச்சி மின்னல் போன்ற கோலத்தை எரிக்கும் காணொளிகள் அவற்றில் முதன்மையானவை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது ஏறத்தாழ 2000 வோல்ட் தரக்கூடியது, இதைச் செய்து இறந்தவர்கள் உண்டு. இதற்குப் பாதுகாப்பான வீட்டு முறை என்று எதுவும் இல்லை.

துப்புரவுக் குறிப்புகளிலும் எச்சரிக்கை தேவை. பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தால் குளோரமீன் உண்டாகும். இரண்டும் நுரையீரலைப் பாதிக்கும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவது ஆபத்தில்லை, ஆனால் பயனும் அதிகமில்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு, கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பின் பாத்திரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட்டும்தான். சோடாவைத் தேய்ப்பதற்கும் வினிகரை உப்புக் கறைக்கும் தனித்தனியே பயன்படுத்தினால் பலன் கூடும். பளிங்குக்கல் தரையில் வினிகரைக் கொண்டுபோகவே கூடாது; அமிலம் பளிங்கை அரித்து மங்கச் செய்யும்.

சரக்கு ஏற்றிவந்த பேலட் பலகைகளில் மேசை, கட்டில் செய்யும் யோசனை பரவலானது. பலகையில் உள்ள முத்திரையைப் படியுங்கள்: எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது. இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எச்.டி. முத்திரை இருந்தாலும், அதன்மேல் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாததால், கறை படிந்த பலகையை ஒதுக்குவதே நல்லது. இரண்டு திரவங்களைக் கலந்து இறுகச் செய்யும் எபாக்சி ரெசின் என்ற பிசின் வேலைக்குக் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகி, பிறகு அந்த வேலையையே தொட முடியாத நிலை வரலாம்.

தேர்ந்தெடுத்துத் தொடங்குதல்

இத்தனை சல்லடைகளையும் தாண்டி நிற்கும் படங்கள் கைவிரல்களில் எண்ணக்கூடிய அளவே இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தேவையான பொருள்களை எழுதி, வீட்டில் இருப்பவற்றை அடித்துவிட்டு, மீதியை மட்டும் வாங்க வேண்டும். காணொளியில் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்குப் பசை உலரும் நேரமும் பெயிண்ட் உலரும் நேரமும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அந்த நேரங்களைப் பெயிண்ட் டப்பாவின் மேலும் பசைக் குழாயின் மேலும் படித்துச் சேர்த்துக்கொண்டால், பல வேலைகள் ஒரு வார இறுதிக்குள் அடங்காது என்பது முன்கூட்டியே தெரியும். முதல் முயற்சியை அட்டையிலோ பழைய துணியிலோ செய்து பார்ப்பது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றினாலும், நல்ல பொருளில் நேரும் ஒரு தவறான வெட்டோடு ஒப்பிட்டால் அது மலிவானது.

முடித்த பொருளைப் படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, உண்மையில் ஆன நேரத்தையும் மாற்றிய அளவுகளையும் கீழே எழுதி வையுங்கள். ஓராண்டாகத் திறந்தே பார்க்காத மற்ற படங்களை அன்றே அழித்துவிடலாம். நான் அழித்தவற்றில் எந்த ஒன்றையும் பிறகு தேடியதில்லை.